மச்சான் பிடித்த கயிறு

றஊப் கயிற்றை இன்னும் இழுக்கவில்லை. அதற்குள் தண்ணீருக்குள்ளிருந்து பதில் வந்துவிட்டது.

ஒரு இழுப்பு. ‘இருக்கன்’ என்று அர்த்தம். கேட்கும் முன்னமே வந்தால் என்ன, பதில் பதில்தானே என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டான். அவனுடைய சுபாவம் அப்படி, எதையும் நல்லதுக்கென்றே எடுத்துப் பழகிய மனுசன்.

நிலாவெளிக் கரைக்கு எதிரே, புறாத்தீவின் பின்பக்கத்தில், பவளம் வளர்ந்த முருகைக் கற்களுக்கு மேலே சின்னத் தோணி அசைந்துகொண்டு நின்றது. தோணியில் அவன் மட்டும். கிண்ணியாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு நீந்தத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? கந்தோரில் கதிரையில் இருந்து பேனை பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். நீந்துவதும் துடுப்புப் போடுவதும் அஸீமின் வேலை. அஸீம் இங்கே ஹோட்டலில் வேலை செய்கிறவன். யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போன முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கையில் கிடைத்த நாளிலிருந்து, ‘வா மச்சான், முருகைக்கல்லைப் பார்க்காட்டி நீ என்ன மனுசன்’ என்று அரித்தெடுத்து இன்று கூட்டிவந்துவிட்டான். சின்ன வயதுச் சிநேகிதன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் றஊப்பின் தங்கச்சி றுக்கியாவுக்கு மாப்பிள்ளை. கரையில் தென்னைகளுக்குக் கீழே உம்மாவும் றுக்கியாவும் அடுப்பு மூட்டிச் சோறும் மீன் ஆணமும் ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கும் முன் அஸீம் இடுப்பில் தும்புக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை றஊப்பின் கையில் கொடுத்தான். அவனுடைய வாப்பா சங்கு குளித்தவர். அந்தக் குடும்பத்தில் கயிறு பிடிக்கிற உரிமை பெண்ணின் சகோதரனுக்கு மட்டும்தான்.

“மற்றவன் களைச்சா விட்டுருவான். மச்சான் விடமாட்டான். விட்டா புருசனப் பறிகுடுத்து வெள்ளை உடுத்து இத்தா இருக்கிறது அவன்ட தங்கச்சிதானே” என்றான் அஸீம். “ஒண்டு இழுத்தா இருக்கன். மூண்டு இழுத்தா தூக்கு. இன்னொண்டு, நான் கீழ இருக்கக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிடாத. யாருட பேரையும் சொல்லாத. கடலுக்குப் பேர் குடுக்கப்படாது.”

“ஏன்டா?”

“வாப்பா சொன்னது. நான் ஏனெண்டு கேக்கல்ல.”

றஊப் சிரித்தான். அஸீம் சிரிக்கவில்லை, கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

குழாயின் சிவப்பு நுனி தண்ணீருக்கு மேலே ஊர்ந்து ஊர்ந்து போய், ஒரு கறுத்த பாறையின் பின்னால் மறைந்ததும் பகல் திடீரென்று நீண்டுபோனது. வெயில் தலையில் இறங்கியது, பாறையிலிருந்து புறா எச்சத்தின் காரநெடியும் காய்ந்த பாசியின் வாடையும் வந்தது, தோணியின் வயிற்றில் தண்ணீர் யாரோ விரலால் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தது. தனிமை பொறுக்காமல் அவன் வாய்விட்டுப் புலம்பினான். “வாடா மச்சான், வயிறு புகையுது. றுக்கியா ஆணத்த ஆறவிட்டுட்டு ஏசப்போறாள்.” சொன்ன பிறகுதான் தங்கச்சியின் பேரைச் சொல்லிவிட்டது நினைவு வந்தது. தண்ணீரின் தட்டல் நின்றிருந்தது. அதன் பிறகுதான் அந்த இழுப்பு வந்தது, அவன் கேட்காமலே வந்த பதில்.

இப்போது அவன் முறைப்படி ஒருமுறை இழுத்தான். பதில் இல்லை. மறுபடி இழுத்தான். கயிறு தளர்ந்து கிடந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து சிவப்பு நுனி வரவேயில்லை. இவ்வளவு நேரமும் குனுகிக்கொண்டிருந்த புறாக்கள் எப்போது வாயை மூடின என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அஸீமின் வாப்பா சொன்னதும் வழக்கமும் யாருக்கு ஞாபகம் வரும்? எழுந்து நின்று கத்தினான்.

“அஸீம்! டேய் அஸீம்!”

பாறை அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது.

பிறகு அவன் முதுகுப்பக்கம் தோணி சரிந்தது. விளிம்பில் ஒரு கை. இன்னொரு கை. அஸீம் ஏறி வந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட எதிரே உட்கார்ந்தான். கண்ணாடி இல்லை, குழாய் இல்லை, இடுப்பில் கயிறும் இல்லை.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று றஊப் அழாத குறையாகச் சொன்னான். “என்ட உசிரே போயிட்டு. கயிறு எங்கடா?”

அஸீம் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “வயிறு புகையுது.”

“ஓம், பசிக்கும்தான். கயிறு எங்க?”

“றுக்கியா ஆணத்த ஆறவிட்டுட்டு ஏசப்போறாள்.”

அதே சொற்கள். அதே புலம்பல். றஊப்பின் சொந்தக் குரலின் இழுவைகூட அப்படியே இருந்தது.

அப்போது கையிலிருந்த கயிறு இறுகியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

சிறிது பொறுத்து, மறுபடி. ஒன்று. இரண்டு. மூன்று. முருகைக்கல்லில் சிக்கியிருந்தால் அலை கண்டபடி இழுக்கும். அலைக்கு எண்ணத் தெரியாது.

றஊப் இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். அசையவில்லை. காலை உதைத்து இழுத்தான். உள்ளங்கை கிழிந்தது. எதிரே இருந்தது அவனைத் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. எழுந்து, நங்கூரக் கல்லை ஒற்றைக் கையால் தூக்கித் தோணிக்குள் போட்டது. துடுப்பை எடுத்தது.

“வேணாம்” என்றான் றஊப். “மச்சான் கீழ இருக்கான். நில்லு. அல்லாஹ்வுக்காக நில்லு.”

“நில்லு” என்றது அது, துடுப்பைப் போட்டுக்கொண்டே.

குதிக்க ஏலாது. குதித்தால் கல்லுப்போலத் தாழ்ந்துபோவான், கயிறும் அவனோடு தாழும். பற்றியிருப்பது ஒன்றுதான் அவனால் முடிந்தது. தோணி போனது. ஒரு பெரிய வெடுக்கோடு கீழே ஏதோ கழன்றது, அதன்பின் கயிறும் பின்னால் வந்தது, பாரத்தோடு. ஒரு ஆளின் பாரம். தோணியின் வேகத்துக்கு எதிராக ஒரு முழம்கூட அவனால் கிட்ட எடுக்க முடியவில்லை. மூன்று இழுப்பு வந்தது. கொஞ்சத் தூரம் போய் மறுபடி மூன்று. பிறகு இரண்டுதான் வந்தது, மூன்றாவதைக் காணவில்லை. றஊப் விம்மி விம்மி அழுதான். ஓதத் தொடங்கினால் நாக்கு புரளவில்லை.

கரை வந்தது. அது இறங்கி நடந்தது, வெயிலைப் பார்த்து முகத்தைச் சுளிக்கவும் இல்லை. றஊப் முழங்கால் தண்ணீரில் விழுந்து எழுந்தான். கயிறு கையைவிட்டுப் போகவில்லை.

தென்னைக்குக் கீழே அடுப்புப் புகை. உம்மா குனிந்து விறகைத் தள்ளுகிறாள். பக்கத்தில் றுக்கியா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் பக்கம் பார்க்காததுபோலப் பார்க்கிறாள்.

கத்தவேண்டும். என்னவென்று கத்துவது? அவளை அவள் பேரால்தான் கூப்பிடவேண்டும். அவன் இன்னும் கடலுக்குள் நிற்கிறான், கடலுக்குப் பேர் குடுக்கப்படாது.

கயிற்றை விட்டுவிட்டு ஓடலாம். மச்சான் விடமாட்டான்.

“றுக்கியா” என்று அது கூப்பிட்டது. றஊப்பின் குரலில். அவள் காக்கா என்கிற அண்ணன்காரன் கூப்பிடுகிற அதே செல்லமான குரலில்.

றஊப்பின் பின்னால், ஆழமில்லாத தண்ணீரில், ஏதோ மணலில் உரசியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கிழிந்த கைக்குள் கயிறு மெல்ல இறுகியது.

ஒன்று.

“ஓம் காக்கா, வாறன்” என்றபடி நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தாள் அவன் தங்கச்சி.

இரண்டு.