அண்ணனுக்கு ஒத்துவந்த குளிசை

"உதை எறியவோ போறியள்?"

கையில் குளிசைப் போத்தலோடு நிதுசன் திரும்பினான். மில்லிக்கன் பிளாசாவின் மருந்துக்கடையில், வரிசையில் அவனுக்குப் பின்னால் ஒருத்தி. மழையில் நனைந்த இமைகள்... கூச்சமே இல்லாத கண்கள்.

"ஓம். திருப்பிக் குடுக்கிறன்."

"முழுப் போத்தல். அம்மாவுக்கும் கொலஸ்ரரோல் கூட. உது நல்லதாம், தாங்கோவன்."

எங்கள் சனத்திடம் குளிசையும் கறிச்சட்டியைப் போலத்தான், வீடு வீடாகப் போய்வரும். அவனுக்கும் அப்படி வந்ததுதான்.

"தரமாட்டன்."

"குப்பைக்குத்தானே போகுது... அதிலயும் கஞ்சத்தனமோ?"

"டொக்டரைக் கேளுங்கோ."

அவள் முகம் சிவந்தது. குடையில்லாமல் வெளியே இறங்கிவிட்டாள்.

ஸ்ரீல்ஸ் பஸ் தரிப்பில் அவளைக் கண்டதும் காரை நிறுத்தினான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஏறுங்கோ. கடத்தமாட்டன்."

"கடத்தினாலும் ஒரு குளிசை தரமாட்டியள்..."

சிரிப்பு வந்தது. கன நாளைக்குப் பிறகு.

அவள் பெயர் மயூரி. போகும் வழியில் அவளுக்குச் சொன்னான். அப்பா நாற்பத்தொரு வயதில், அஜக்ஸ் ரயிலில், மாரடைப்பில் போனவர். கொழுப்பை ஏற்றும் மரபணு மகன்மார் இருவருக்கும் வந்தது. அண்ணன் ராகுலனுக்கு இந்தக் குளிசை ஒத்துவந்தது. தன் போத்தலையே தம்பி நிதுசனுக்கும் கொடுத்தான். ஒரு தாய் பிள்ளைகள்தானே. ஆனால் குளிசையை ஈரலுக்குள் கொண்டுபோகும் மரபணு தம்பிக்கு வேறு. மருந்து ரத்தத்தில் தேங்கித் தசையை அரித்தது. கடைசியில் படியேற முடியவில்லை.

மயூரி அவன் பக்கம் திரும்பினாள்.

"கடையிலயே சொல்லியிருக்கலாமே..."

"வரிசையில நிண்டு சாவைக் கதைக்கிறதோ?"

அதன்பிறகு சனிக்கிழமைகளில் கோப்பி. அவள் கதைப்பாள், அவன் கேட்பான். சில வேளைகளில் கேட்காமல் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பான்...

மற்றக் குளிசைகளும் அவனுக்கு ஒத்துவரவில்லை. இரண்டு கிழமைக்கொருமுறை ஊசி தொடங்கினார்கள். அடுத்த சோதனையில் கொழுப்பு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. நிதுசன் ஊசியை நிறுத்தினான். அவளுடைய அழைப்புகளை எடுப்பதையும் நிறுத்தினான்.

ஒரு பின்னேரம், சென் ஜேம்ஸ் ரவுணில் மயூரி அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். வந்தவள் நேரே பிரிட்ஜைத் திறந்தாள். தொடாத ஊசிகள்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"இன்னொரு மருந்தையும் சேத்துப் பாக்கலாமாம். உறுதி இல்லையாம்."

"அப்ப ஏன் ஊசியை நிப்பாட்டினனீங்கள், என்ர கோலையும் எடுக்கேல்லை?"

"ஊசி போட்டாலும் அப்பா மாதிரித்தான் போவன். அவர் போன பிறகு அம்மா பட்டதைப் பாத்தனான். உங்களுக்கு அது வேண்டாம். உங்கட அம்மாவும் உதைத்தானே சொல்லுவா."

"சொல்லிப்போட்டா. நான் கேக்கேல்லை."

யன்னலில் மழை வழிந்தது. அவன் நிலத்தையே பார்த்தபடி நின்றான்.

"முந்திச் சாகப் பயமில்லை, மயூரி. எப்ப வந்தாலும் வரட்டும் எண்டு இருந்தனான். இப்ப பயமாக் கிடக்கு... உங்களை விரும்புறன். அதுதான் பயம்."

அவள் கண்கள் நிறைந்தன. துடைக்கவில்லை.

"எனக்கும் பயம்தான்... எண்டாலும் விரும்புறன். போடுங்கோ."

ஒரு ஊசியை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் ஒரு கதிரையை அவள் பக்கம் இழுத்துவிட்டான்.

"உடன போடேலாது. ஊசியின்ர குளிர் போக அரை மணித்தியாலம் வேணும்."

"இருக்கிறன்," என்றாள் மயூரி.