கொக்கின் மணிக்கட்டு

போன் அலறியது!

அணியின் டாக்டர் எடுத்தார். நாலு நாளாக எந்த போன் அடித்தாலும் அவர் பதறிப்போவார். செய்த காரியம் அப்படி!

"டாக்டர்... போட்டிக் குழுவோட எக்ஸ்ரே மருத்துவர் பேசறேன். உங்க டீம் பதினஞ்சாம் நம்பர் பொண்ணு எக்ஸ்ரே பத்தி..."

மாட்டிக்கொண்டோம்!

"வ... வயசு விஷயமா மேடம்?"

"வயசெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா மணிக்கட்டுல மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்! இப்பதான் மறுபடி பாத்தேன். இன்னிக்கு ஃபைனல்ல அவ ஆடக் கூடாது. கையூன்றி விழுந்தா, அந்தக் கை இனிமே பந்தே பிடிக்காது!"

டாக்டர் போனை அப்படியே போட்டார்.

பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகக் கூடைப்பந்துப் போட்டி அது. குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ, அவளுடைய மணிக்கட்டு எக்ஸ்ரேயைக் கேட்பார்கள். எலும்பு வயதைச் சொல்லிவிடும். வந்தது பதினைந்தாம் நம்பர், ஆறடி மூன்றங்குல 'கொக்கு'வின் பெயர்! "அவளுக்கு வயசு கண்டிப்பா கூடத்தான், ஏதாவது பண்ணுங்க" என்று கோச் நச்சரித்தார். டாக்டர் அனுப்பிவைத்தது, அணியிலேயே குள்ளமான ஐந்தாம் நம்பர் 'சிட்டு'வின் எக்ஸ்ரேயை.

அப்படியானால் விரிசல் சிட்டுவின் கையில்!

வயதைத் தேடிய அவசரத்தில் விரிசலைக் கோட்டைவிட்டிருந்தார். டாக்டராம் டாக்டர்!

உடை மாற்றும் அறைக்கு ஓடினார். சிட்டு மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"லேசா சார்... கோச் கிட்ட சொல்லிடாதீங்க, ஒக்கார வெச்சிடுவாரு!"

கோச் பின்னாலேயே நின்றார். டாக்டர் அவரை ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு மணி நேரம் தாங்க மாட்டாளா? இறுக்கிக் கட்டி அனுப்புங்க."

"சின்னப் பொண்ணு சார்! கை போயிடும்!"

"வாயத் தொறந்தா நம்ம ரெண்டு பேர் பொழப்பும் போயிடும். யோசிச்சீங்களா?"

யோசித்தார். பன்னிரண்டு வருஷத்து நல்ல பெயர்... வெளியே விசில்! சிட்டு எழுந்தாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையை ஊன்றி எழுந்தாள்.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்!

எக்ஸ்ரே அறைக் கதவை இடித்துத் திறந்தார்.

"மேடம்! அது பதினஞ்சு இல்ல... அஞ்சாம் நம்பர் பொண்ணோட கை! நான்தான் மாத்தினேன்! அவள நிறுத்துங்க!"

அந்த அம்மாள் சட்டென்று போனை எடுத்தார்.

"அஞ்சாம் நம்பர உடனே வெளிய கூப்பிடுங்க!"

பிறகுதான் திரும்பினார்.

"பதினஞ்சாம் நம்பரோட நிஜ எக்ஸ்ரே எங்க?"

டாக்டர் பையின் அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"பிரிக்கவே இல்லையா?"

"பயமா இருந்துது மேடம்..."

அம்மாள் அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்...

"எலும்புல வளர்ச்சிக் கோடு எவ்ளோ பளிச்சுனு இருக்கு பாருங்க, வயசு ஏறினா மறைஞ்சிடும். இவளுக்குப் பதினேழெல்லாம் இல்ல. பதினாறே நிரம்பியிருக்காது!"

டாக்டர் நாற்காலியில் சரிந்தார். உள்ளதை உள்ளபடி அனுப்பியிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. இப்போது எக்ஸ்ரேயை மாற்றிய குற்றத்துக்கு அணியையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு பாவமும் அறியாத பன்னிரண்டு பெண்கள்! அவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"வயசு கூடன்னு உங்க கோச் எத வெச்சு சொன்னாரு?"

"அவ... உயரத்த வெச்சு, மேடம்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல வேளை, மனுஷன் மிருகக்காட்சி சாலையில வேல பாக்கல. ஒட்டகச்சிவிங்கிக் குட்டிக்கெல்லாம் ஓட்டுரிமை வாங்கிக் குடுத்திருப்பாரு!"