காயல் திட்டில் ஒரு திதி

சேற்றில் கால் வைத்ததும் தனேஸ்வரி திடுக்கிட்டாள். சேறு வெதுவெதுப்பாக இருந்தது.

பத்து நாளாக விடாத டிசம்பர் மழை. சுங்கை பெசாரிலிருந்து ஈஜோக் வரைக்கும் வெயில் என்று ஒன்றை யாரும் பார்க்கவில்லை. சம்பான் படகில் வரும்போது காயல் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள்; சில்லென்று எலும்பு வரை ஏறியது. இந்தத் திட்டு மட்டும், ஆள் இப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி, உள்ளங்காலுக்குக் கீழே சூடாகக் கிடந்தது.

"அரை மணி நேரம்தான் அண்ணி. தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு," என்றான் சோமு. அவன் சம்பானை விட்டு இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை.

போன டிசம்பரில் அவள் கணவன் சேதுவை இதே இடத்தில் இறக்கிவிட்டவன் சோமுதான். ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சிநேகிதர்கள். சேது லோரி ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு சோமுவின் சம்பானுக்கு வந்துவிடுவான். அன்றைக்கு சேதுவைத் திட்டில் விட்டுவிட்டு சோமு அக்கரைக்கு வலை எடுக்கப் போனான். மழை பிடித்துக்கொண்டது. எஞ்சின் நின்றுவிட்டது என்றான். திரும்பி வந்தபோது திட்டு தண்ணீருக்கடியில் போயிருந்தது. நான்கு நாள் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

உடல் இல்லாததால் காரியமும் இல்லை. தாலியை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர்கள் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். வருஷம் முடியப் போகிறது என்றதும் அவள் அண்ணன்தான் சொன்னார்: "அந்த எடத்திலயே படையலப் போட்டுட்டு, போய்ச் சேருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு. அவரும் எவ்ளோ நாளுதான் அலைவாரு?"

வாழையிலையை விரித்தாள். நாசி லெமாக் சோறு, நெத்திலி சம்பல், அவித்த முட்டை, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேத்தண்ணி. எல்லாம் சேதுவுக்குப் பிடித்தவை. ஈரக் காற்றில் கற்பூரம் மூன்றாவது குச்சியில்தான் பற்றியது.

போய்ச் சேருங்க. இரண்டே வார்த்தை. வாய் வரவில்லை.

அவன் காணாமல்போன அன்று காலையில் அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது வேறு. தங்கை வீட்டு விசேஷத்துக்கு வராமல் தூண்டிலை எடுத்தானே என்ற ஆத்திரத்தில், "அந்தத் தண்ணியிலயே கெடங்க, வீட்டுக்கு வர வேணாம்" என்று கத்தியிருந்தாள். ஒரு வருஷமாக ராத்திரி பகல் அந்த வாக்கியம் அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது இன்னொரு தடவை, கற்பூரம் ஏற்றிவைத்து, போ என்று எப்படிச் சொல்வாள்?

"வீட்டுக்கு வாங்க," என்று விம்மினாள். "நான் சொன்னத மனசுல வச்சிக்காதீங்க. வீட்டுக்கு வந்துருங்க."

பாக்காவ் எனும் அலையாத்தி மர வேர்களுக்கிடையே ஓயாமல் பொரிந்துகொண்டிருந்த நண்டுகளின், இறால்களின் சின்னச் சத்தம் அவள் வந்ததிலிருந்து காதோரம் கேட்டுக்கொண்டே இருந்தது; அது கையால் அமுக்கியதுபோல் ஒரே கணத்தில் நின்றது.

"தனேசு."

மரங்களுக்குப் பின்னாலிருந்து. அவனேதான். அந்தப் பெயர் சொல்லி வேறு யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

"இரு, வர்றேன்."

அவள் எழுந்தாள். அழுகையும் சிரிப்புமாக முகம் கோணியது. இரண்டடி வைத்தாள். அப்போது இடப்பக்கத்திலிருந்து கேட்டது.

"இரு, வர்றேன்."

பிறகு முதுகுக்குப் பின்னால், தண்ணீர்ப் பக்கமிருந்து. அதே குரல். அதே இழுப்பு.

"அண்ணி! ஏறுங்க! ஏறுங்கலா!"

சோமு ஏறக்குறைய அழுதான். சேறு முழங்கால் வரை இழுக்க, அவள் விழுந்து எழுந்து சம்பானைப் பிடித்து, அவனைப் பார்த்தபடி நடுப்பலகையில் உட்கார்ந்தாள். படகு பின்னோக்கி நகர்ந்து, திரும்பியது. சோமு எஞ்சின் பிடியோடு பின்பக்கம். அவனுக்குப் பின்னால் திட்டு.

"எஞ்சின் நிக்கல அண்ணி," என்றான் திடீரென்று. "அன்னைக்கி நான் நேரத்துக்கு வந்துட்டேன். இப்படித்தான் மூணு பக்கமும் கூப்புட்டுச்சு. எது அண்ணன்னு தெரியல. பயந்து ஓடிட்டேன்."



"அதுல ஒண்ணு அவரா இருந்திருந்தா?" என்றாள்.

சோமு எஞ்சினை இன்னும் முறுக்கினான். மழைநீரோடு கண்ணீரும் அவன் தாடையில் வழிந்தது. அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. சேர்ந்து அழ வேண்டும்போலும் இருந்தது. இரண்டு பேருமாகத்தான் சேதுவை அங்கே விட்டுவிட்டோம் என்று தோன்றியது.

அப்போது படகு தாழ்ந்தது.

முன்பக்கம். அவள் முதுகுக்குப் பின்னால். கனமான ஒருவர் விளிம்பைப் பிடித்து ஏறி உட்காரும்போது தாழுமே, அப்படி. பலகை முனகியது. தண்ணீர் சொட்டும் சத்தம். பழைய சேற்றின் வாடை.

சோமுவின் பார்வை அவள் தோளுக்கு மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. அவன் முகத்தில் ரத்தமில்லை. பிடியை மட்டும் விடவில்லை. கரையை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போலாம் தனேசு," என்றது அவள் காதருகே. சேதுவின் குரல். அன்பாகத்தான் இருந்தது.

அவள் திரும்பவில்லை. கூப்பிட்டவள் அவள்தான். வந்துவிட்டான். அப்படியே நினைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நொடி மனம் கெஞ்சியது.

சோமுவைத் தாண்டி, தூரமாகிக்கொண்டிருந்த திட்டைப் பார்த்தாள்.

அங்கே ஒருவன் நின்றான். இடுப்பு வரை தண்ணீர். சேது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, குறுக்கும் நெடுக்குமாக, வேண்டாம் வேண்டாம் என்று வீசிக்கொண்டிருந்தான். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. கழுத்துக்கு ஏறியது. கைகள் நிற்கவில்லை. அவன் வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. கத்துகிறான். அவளைப் பார்த்துத்தான் கத்துகிறான்.

சத்தம் வரவில்லை.

அவன் குரல் படகுக்குள் இருந்தது.