ஏழு எட்டுக்கு வீடு

ஃபோன் அலறியது.

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் நகவெட்டியைக் கீழே வைக்காமலே எடுத்தார்.

"சகல... நான்தான்."

மனைவியின் தங்கை புருஷன். தனியார் கம்பெனி ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக்.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. என்னையும் கூப்பிட்டிருக்காங்க."

"என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்ததைத்தான். கயிறு இத்துப்போச்சுன்னு நான் சொன்னேன். நீங்க மாடியேறிப் பார்க்காமலே நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க. நாலாம் நாள் லிஃப்ட் விழுந்து வாட்ச்மேன் செத்தார். மூணு மாசமா எனக்குத் தூக்கமில்ல சகல."

"நமக்குன்னு ஒரு குடும்பம் இருக்கு..."

"வாட்ச்மேனுக்கும் இருந்துச்சு."

லைன் கட்டானது.

வேலை போகும். ஜெயில் நிச்சயம். ஆனால் சகலை எச்சரித்தது வெறும் வாய்வார்த்தை. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. அந்த வாய் மூடிவிட்டால்...?

இன்ஸ்பெக்டர் மிச்சமிருந்த இரண்டு நகங்களையும் வெட்டி முடித்தார். பிறகு குரல் கொடுத்தார்.

"இந்த ஞாயித்துக்கிழமை உன் தங்கச்சி வீட்டோட சேர்ந்து ஒரு நாள் டூர் போலாமா?"

சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதர் அவளைத் தலைநகரத்தின் கடைசி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி எங்கும் கூட்டிப் போனதில்லை!

"காய்ச்சல் இல்லையே..."

புதன்கிழமை சாயங்காலம் நாலு பேரும் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார்.

"காலைல ஆறு இருபதுக்கு ரயில். பதினொண்ணு நாப்பதுக்கு மலை உச்சி. அங்க ஒரு பார்வை மாடம் இருக்காம். ஞாயித்துக்கிழமை மட்டும் பதினொண்ணரைக்குத் தெறப்பாங்களாம்."

"மாமா, ஏரி? போட்டிங்?" மச்சினி கேட்டாள்.

"மத்தியானம்."

"எனக்கு முட்டி வலி. மலையெல்லாம் ஏற முடியாது," என்றாள் மனைவி.

"லிஃப்ட் இருக்கு."

"நீங்க முன்னாடி போயிருக்கீங்களா சகல?"

"நானா? அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்ல!"

மனைவி தாளின் கடைசி வரியில் விரல் வைத்தாள்.

"அதென்ன ஏழு எட்டுக்கு வீடு? ஏழு பத்துன்னா குடி முழுகிடுமா?"

"திரும்பற ரயில் ஆறு அம்பத்தொம்பதுக்கு இங்க வந்துடும். ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு நடை ஒம்பது நிமிஷம். கணக்குப் பண்ணித்தான் எழுதியிருக்கேன்."

கணக்கில் மனிதர் புலி! திரும்பி வரப் போவது மூணே பேர் என்பதை மட்டும் தாளில் எழுதவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டார். தனியாக மலைக்குப் போனார். லிஃப்டில் கேமரா இருக்கும் என்று அறுநூற்றுப் பன்னிரண்டு படிகளையும் மூச்சிரைக்க ஏறினார். உச்சியில் ஆளே இல்லை. வரிசையாக இரும்புத் தடுப்புகள். இடமிருந்து மூன்றாவது தடுப்பில் நாலு போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

பார்வைக்குத் தடுப்பு அப்படியே நின்றது. சாய்ந்தால் நிற்காது!

'சகல, கொஞ்சம் பின்னால சாஞ்சு நில்லுங்க... ஒரு ஃபோட்டோ!'

அவ்வளவுதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை. ரயில் அரைமணி லேட். மலையடிவாரம் வந்தபோது பன்னிரண்டு பத்து.

இன்ஸ்பெக்டர் வாட்சைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வேறு எவனாவது மூன்றாவது தடுப்பில் சாய்ந்து தொலைத்தால்...?

லிஃப்ட் கதவு திறந்தது. மனைவி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"அண்ணி, இறங்குங்க!"

சகலை தூணில் காதை வைத்துக்கொண்டிருந்தார். முகம் மாறியிருந்தது.

"கயிறு சத்தம் சரியில்ல. யாரும் ஏறாதீங்க."

"வந்த இடத்துலயும் மெக்கானிக் வேலையா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பயந்தாங்கொள்ளிங்க படியில வாங்க. நான் மேல போயி இடம் புடிக்கிறேன்!"

கதவு மூடியது.

முப்பது மீட்டர்... நாற்பது மீட்டர்...

டப்!

லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. நாலு விரல்கடை கீழே சரிந்தது. மறுபடி நின்றது.

இன்ஸ்பெக்டர் சுவரைப் பிடித்தார். பிடித்த இடத்தில் கண்ணாடி போட்ட சான்றிதழ்.

'பரிசோதிக்கப்பட்டது. முற்றிலும் பாதுகாப்பானது.'

கீழே கையெழுத்து.

அவருடையது!

போன வருடம், ஒரே மத்தியானத்தில், அறுபது ஃபைல். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபடி போட்ட அறுபது கையெழுத்தில் இதுவும் ஒன்று.

டப்!

ஃபோனை எடுத்து அமுக்கினார்.

"சகல! காப்பாத்துங்க!"

"பதறாதீங்க. உச்சியில மெஷின் ரூம் இருக்கு. அங்கேர்ந்து கையால சுத்தி உங்களை இறக்கிடலாம். நானும் இங்க டூட்டியில இருக்கிற எஸ்.ஐ.யும் படியேறிக்கிட்டிருக்கோம். கையில சாமான் இருக்கு. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு பாக்கெட்டுல வெச்சிருக்கேன்... ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கயிறு அறுந்தாலும் அவசர பிரேக் பிடிக்கும். அதை டெஸ்ட் பண்ணாம சர்டிஃபிகேட் குடுத்திருக்க மாட்டாங்க. யார் கையெழுத்துன்னு பாருங்க."

இன்ஸ்பெக்டர் அந்தக் கையெழுத்தை உள்ளங்கையால் மூடினார்.

"சகல?"

"என்... என்னோடது."

"அப்ப டெஸ்ட் பண்ணினீங்களா?"

"...இல்ல."

"சரி." சகலையின் குரலில் ஆச்சரியமே இல்லை. "வேகமா ஏறறோம்."

டப்!

பதினாலு நிமிடம். இன்ஸ்பெக்டர் அழுதார். தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டார்.

"சகல, உச்சிக்கு வந்துட்டோம். மெஷின் ரூம் அந்தக் கோடியில இருக்கு. பாதை ஒரு அடி அகலந்தான். தடுப்பைப் பிடிச்சுக்கிட்டே போயிடறேன்..."

மெஷின் ரூமுக்கு வழி அந்தத் தடுப்பு ஓரமாகத்தான் என்பதை வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் கவனிக்கவே இல்லை! கயிற்றைத் தெரிந்த ஒரே ஆள் அந்தத் தடுப்போடு கீழே போனால், பின்னாலேயே தானும்...!

"சகல! மூணாவது தடுப்பைத் தொடாதீங்க!"

"ஏன்?"

"போல்ட் இல்ல! நாலும் இல்ல!"

"நீங்கதான் இந்தப் பக்கம் வந்ததே இல்லையே... எப்படித் தெரியும்?"

சகலை காலால் ஒரு தட்டுத் தட்டினார் போல. இரும்பு உராயும் சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் எங்கோ கீழே, பாறையில் ஒரு சத்தம்.

"எனக்கா சகல?" மெக்கானிக்கின் குரல் உடைந்தது. "நாளைக்கு நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னா?"

"மன்னிச்சிடுங்க... கயிறு... சீக்கிரம்..."

"இவன் கெடக்கட்டும் விடுங்க," என்றது வேறொரு குரல். எஸ்.ஐ!

"இல்ல சார். மாட்டினவரை இறக்கறது என் வேலை. நான் என் வேலையைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

சகலை சுவரோடு ஒட்டி, தவழ்ந்து போனார். கையால் சுற்றிச் சுற்றி இறக்க முக்கால் மணி ஆனது. எஸ்.ஐ. அதற்குள் படியிறங்கி வந்து, பெண்கள் இருவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, லிஃப்ட் வாசலில் கைவிலங்கோடு காத்திருந்தார்.

கதவு திறந்தது.

எதிரில் மனைவியும் மச்சினியும். மச்சினி அவரைப் பார்க்கவே பிடிக்காமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்ஸ்பெக்டருக்கு, செத்தே போயிருக்கலாம் என்று ஒரு விநாடி நிஜமாகவே தோன்றியது.

மனைவி அழவில்லை. கைப்பையிலிருந்து அந்த வெள்ளைத்தாளை எடுத்து எஸ்.ஐ.யிடம் நீட்டினாள்.

"ஏழு எட்டுக்கு வீடுன்னு இவர் கையாலயே எழுதியிருக்கார் சார்."

எஸ்.ஐ. தாளை மேலிருந்து கீழே வரை பொறுமையாகப் படித்தார்.

"சரியாத்தாம்மா எழுதியிருக்கார். பக்கத்துல 'வருஷம்'னு போட மட்டும் விட்டுட்டார்!"