இடது பக்கம் இழுக்கும் வண்டி

ரங்கத் கடைத்தெருவைத் தாண்டி, வயலோரத்தில் இருந்த சிவப்பிரகாசத்தின் வீட்டு வாசலில் நெல்சன் தன் சிவப்பு வண்டியை நிறுத்தினான். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டிக்குள் மட்டும் குளிர், ஈரத்துணி வாடை. இத்தனைக்கும் ஏசியை அவன் போடவே இல்லை.

"வாங்க தம்பி! நம்ம தீவுல இருக்கறதே ரெண்டு ஸ்போர்ட்ஸ் காருதான், அதையும் நாம மாத்திக்கப் போறோம்!" காண்டிராக்டர் சிவப்பிரகாசம் வாயெல்லாம் பல்லாக வந்தார். அவருடைய நீல வண்டி கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. "ஆமா, இவ்வளவு நல்ல வண்டியை ஏன் தள்ளி விடுறீங்க?"

"இடது பக்கம் இழுக்குதுண்ணே."

பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போன ஒரு நேவி அதிகாரியிடம் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி அது. ரெண்டே சீட்டு. நெல்சன் சாவியை எடுத்து "வரேன்" என்று வாயைத் திறப்பான், அவன் மனைவி ரீத்தா "நானும் வரேன்" என்று இடது சீட்டில் ஏறி பெல்ட்டை டக்கென்று மாட்டியிருப்பாள். கடைக்குப் போனாலும் சரி, கடலுக்குப் போனாலும் சரி.

போன வருஷம் இதே ரங்கத்தில், தன் அம்மா வீட்டில் இருந்தபோது, அவளுக்குக் காய்ச்சல் கண்டது. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகும் வழியில் ஜலசந்தியைக் கடக்க வண்டியைப் படகில் ஏற்ற வேண்டும். டிரைவர் தவிர எல்லோரும் இறங்கி நடந்துதான் ஏற வேண்டும். "சவாரி உதாரோ!" என்று ஆளை இறக்கச் சொல்லிப் படகுக்காரன் கத்தினான். ரீத்தாவால் கால் ஊன்ற முடியவில்லை. "முடியாதவங்க பாய், உக்காந்தே வரட்டும்" என்று நெல்சன் கெஞ்சினான். அக்கரை சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அந்த சீட்டை விட்டு அவள் இறங்கவே இல்லை.

அன்றிலிருந்து வண்டி இடது பக்கம் இழுத்தது. சக்கரத்தை எத்தனை தடவை சரிபார்த்தும் பிரயோஜனமில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன ஞாயிறு காலை, ஆறு வயது மகள் திவ்யாவைப் படுக்கையில் காணோம். பூட்டிய வண்டிக்குள், இடது சீட்டில், பெல்ட் இறுக்கி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். மீன் வெட்டும் கத்தியால் பெல்ட்டை அறுத்துத்தான் வெளியே எடுத்தான்.

"அம்மா இறங்க விடமாட்டேங்கிறாங்கப்பா. தனியா இருக்க பயமா இருக்காம்" என்றது குழந்தை.

மாதாவே, பெண்டாட்டியைத்தான் பறிகொடுத்தாயிற்று. பிள்ளையையும் கொடுத்துவிட்டு அவன் யாருக்காக மூச்சு விட வேண்டும்? வண்டியை அவள் பிறந்த ஊரிலேயே விட்டுவிடுவது, அவளும் இங்கேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று முடிவு கட்டி, அறுத்த பெல்ட்டுக்குப் பதில் புது பெல்ட் போட்டுத்தான் வந்திருந்தான். கிளம்பும்போது அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தான்.

சாவி கைமாறியது. "சரிண்ணே, போறேன்" என்றான்.

சிவப்பிரகாசத்தின் மனைவி வைஜெயந்தி பதறிப்போனாள். "ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? போறேன்னு யாராவது சொல்லுவாங்களா? போயிட்டு வரேன்னு சொல்லுங்க தம்பி!"

"இருக்கட்டும்க்கா..."

"சொல்லாம வாசப்படி தாண்ட விடமாட்டேன்!"

வழி மறித்து நின்றவளிடம் என்ன சொல்லுவான்? நாக்கு தானாகப் புரண்டது.

"வரேன்க்கா."

அவனுக்குப் பின்னால், ஆளில்லாத சிவப்பு வண்டிக்குள், பெல்ட் கழலும் சத்தம் கேட்டது.

நெல்சன் திரும்பிப் பார்க்கவில்லை. நீல வண்டியில் ஏறி மிதித்தான்.

அடடா, என்ன வண்டி! சிவப்பில் கிளட்சை மிதித்து மிதித்தே முழங்கால் கழன்றுவிடும், ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் வந்து இடிக்கும். ரோட்டில் கிடக்கும் கூழாங்கல்லைக்கூட ஸ்டியரிங் கைக்குச் சொல்லும். இதுவோ வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போனது. ரோடு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. பிரேக்தான் கொஞ்சம் முரடு, தொட்டாலே கவ்வியது. கிடக்கட்டும். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தான். கோடு போட்டதுபோல நேராக ஓடியது.

நேராக!

ஒரு வருஷம் கழித்து வாய்விட்டு அழுதான். படகுத்துறை வருகிறவரை அழுதுகொண்டே ஓட்டினான்.

படகில் ஏற்ற வண்டியை மெல்ல நகர்த்தியபோது, படகுக்காரன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"சவாரி உதாரோ, பாய்!"

"சவாரி யாரும் இல்லையே?"

படகுக்காரன் இடது பக்க ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான். அவன் முகம் இளகியது. குரலைத் தணித்து, மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று இந்தியில் கேட்டான். "டீக் ஹை, டீக் ஹை. பைட்னே தோ. உக்காந்தே வரட்டும்" என்று தானே வழியும் விட்டான்.

நெல்சன் இடது பக்கம் திரும்பாமலே வண்டியைப் படகில் ஏற்றினான்.

அக்கரையில் கான்வாய் புறப்படத் தயாராக இருந்தது. பழங்குடிகள் வாழும் காட்டு வழி முழுக்க, போலீஸ் காவலில், வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும். நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது. முன்னால் லாரி, பின்னால் பஸ். இரண்டு பக்கமும் வானத்தை மறைத்த மரங்கள். பட்டப்பகலிலேயே வண்டிக்குள் இருட்டிக்கொண்டு வந்தது.

ஈரத்துணி வாடை.

வண்டி இடது பக்கம் இழுத்தது.

கொஞ்சம்தான். அதே அளவுதான். ஒரு பெண்ணின் கனம்.

அவன் ரோட்டை மட்டுமே பார்த்தான். "ரீத்தா, உன் கால்ல விழுறேன். பாப்பாவ விட்டுரு. வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போ" என்று முணுமுணுத்தான்.

டக்.

பெல்ட் மாட்டும் சத்தம்தான் பதில்.

காடு முடிந்தபோது அவன் வேறு முடிவுக்கு வந்திருந்தான். வீட்டுக்கு வண்டி போகக் கூடாது. நேராக ஃபீனிக்ஸ் பே துறைமுகம், அங்கிருந்து கடல். வண்டியோடு தானும் போய்விட வேண்டியதுதான். ஆனால் பெற்ற மனசு கேட்கிறதா? பிள்ளையை ஒரே ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றது. அவன் வீடு இருந்த லம்பா லைன் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினான். அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் அவன் தங்கை சோனியா, இடுப்பில் திவ்யா.

"அப்பா! புது வண்டி!" குழந்தை இறங்கி ஓடி வரப் பார்த்தது.

"சோனியா! புள்ளைய உள்ள தூக்கிட்டுப் போ! கதவச் சாத்து!"

அவன் போட்ட கூச்சலில் அவள் மிரண்டு உள்ளே ஓடினாள். கதவு சாத்தும்வரை பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டான். "வரேன்" என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. வண்டியைத் திருப்பி மிதித்தான்.

கடல் காற்று முகத்தில் அடித்தது. வாடை போயிருந்தது. ஸ்டியரிங் லேசாக இருந்தது. கையை எடுத்தான்.

வண்டி நேராக ஓடியது.

கோடு போட்டதுபோல நேராக.

அப்பாடா என்று மூச்சு விட்டான். இறங்கிவிட்டாள். ஒருவழியாக இறங்கியேவிட்டாள்.

எங்கே?

பிரேக்கை மிதித்தான். வண்டி கவ்வி நின்ற அதே நேரத்தில் போன் அடித்தது. சோனியா.

"அண்ணே..." அவள் குரல் கிசுகிசுப்பாக நடுங்கியது. "பாப்பா நாற்காலில உக்காந்துக்கிட்டு யார்கிட்டயோ பேசுதுண்ணே. தூக்கிப் பாக்குறேன், வரமாட்டேங்குது. கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. உடம்பெல்லாம் சில்லுன்னு..."

"போனக் குடு! அவகிட்டக் குடு!"

ஏதோ உரசியது. பிறகு திவ்யாவின் குரல், தெளிவாக, சந்தோஷமாக.

"அப்பா, நான் போறேன்."

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா! போயிட்டு வரேன்னு சொல்லு தங்கம்! வரேன்னு சொல்லு, அப்பாவுக்காக ஒரு தடவை வரேன்னு சொல்லு!"

போன் கட்டாகவில்லை. வண்டியே இல்லாத அந்த வீட்டுக்குள்ளிருந்து, அந்தப் பக்கம், ஒரு பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.

டக்.