ஏரிக்கரைக்கு ஒரு கூடை மண்

மேலைவானில் கதிரவன் சாயத் தொடங்கி, பேரேரியின் நீரெல்லாம் பொன்னாய் மினுங்கிக்கொண்டிருந்த அந்த வேளையில், வாசக அன்பர்களே, வெண்குன்றூர்க் கரையில் ஊரே திரண்டு மண் சுமந்துகொண்டிருந்தது. பெருமழை உடைத்த கரை அது. பௌர்ணமி நிலவு எழுமுன் உடைப்பு அடைபடாவிட்டால், ஊர்ச்சபை தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தைக் கலைத்துவிட்டு அரண்மனை அதிகாரியை அமர்த்துவதாக அரசரின் ஓலை வந்திருந்தது. பௌர்ணமியோ இன்றுதான்.

வாரியத்தின் ஒரே பெண் உறுப்பினரான காரிநங்கை அடிக்கொருதரம் கிழக்கு வானைப் பார்த்துக்கொண்டாள். பாட்டன் காலத்திலிருந்து வந்த உரிமை தன் காலத்திலா கைநழுவ வேண்டும்? அந்த நேரம் பார்த்துக் குதிரை வணிகன் ஒருவன் கரைமீது வந்தான். ஆள் இலட்சணமாகத்தான் இருந்தான். அதற்காக விட்டுவிட முடியுமா?

"ஐயா, நில்லுங்கள். இந்தக் கரையைக் கடப்பவர் ஒரு கூடை மண் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு."

"யாராயிருந்தாலுமா?"

"அரசரே வந்தாலும்தான்."

வணிகன் சிரித்துக்கொண்டே இறங்கிச் சும்மாட்டை வாங்கினான். அதைத் தலையில் வைக்குமுன் அவன் செய்த காரியமொன்றைக் காரிநங்கை கண்டாள். கண்டும் காணாதவள்போல் இருந்துவிட்டாள், கள்ளி! ஒரு கூடை ஐந்தாயிற்று, ஐந்து பத்தாயிற்று. சேற்றில் அவன் வழுக்கி விழுந்தபோது ஊரே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

கிழக்கே நிலா எட்டிப் பார்ப்பதற்குச் சற்று முன்னால் கடைசிக் கூடை விழுந்து உடைப்பு மூடியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"இனி அந்த அரண்மனை அதிகாரி வருவாரோ, மாட்டாரோ?" என்று காரிநங்கையிடம் கேட்டான் வணிகன்.

"அவரை அனுப்புவதா வேண்டாமா என்று பார்க்கத் தாங்களே வந்துவிட்டீர்களே, இளவரசே."

அவன் திகைத்தான். "எப்படித் தெரிந்தது?"

"சும்மாட்டை வைக்குமுன், தலையில் இல்லாத கிரீடத்தைக் கழற்றப் பார்த்தீர்கள். எந்த ஊர்க் குதிரை வணிகர் கிரீடம் அணிகிறார்?"

இளவரசர் மாறவேள் வாய்விட்டுச் சிரித்தார். இடைக்கச்சையிலிருந்த அதிகாரியின் நியமன ஓலையை எடுத்து இரண்டாகக் கிழித்துப் புதுமண்ணில் புதைத்தார்.

"முடிவு என்னுடையதென்று தந்தையார் சொல்லித்தான் அனுப்பினார். இந்த ஏரி உங்களுடையதே. ஆனால் நங்கையே, அடுத்த தேர்தலில் என் பெயரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவீர்களா?"

"மாட்டோம். இவ்வூரில் சொந்த வீடு கட்டிக் குடியிருப்பவர் பெயரைத்தான் இடுவோம்."

"தனியாகக் குடியிருப்பது எப்படி?"

"முதலில் வீட்டைக் கட்டுங்கள். பிறகு கேளுங்கள்," என்றாள் அவள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

மாறவேள் ஈர மண்ணை ஒரு பிடி அள்ளினார். "இந்த மண் சாட்சி. தை பிறப்பதற்குள் இங்கே வீடு எழுப்புவேன். அதன் வாசலில் நின்று உன்னைக் கேட்பேன்."

சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். காரிநங்கை வழிமறித்தாள்.

"திரும்பிப் போவதற்கும் ஒரு கூடை உண்டு, இளவரசே."

இந்த முறை அவர் தலையைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேரே சும்மாட்டுக்குக் கை நீட்டினார்.