ஜெர்சன் உரித்த ஏடு

திருமங்கலத்தைத் தாண்டியிருந்த அந்தக் கல்லூரிக்குப் பெர்சி வந்து இறங்கியபோது உச்சிவெயில். கருவேலமரங்கள் அசையாமல் நின்றன. ஆய்வகத்துக்குள் அசிட்டோன் வாசனை, ஏசியின் முனகல்.

அவள் அண்ணன் ஜெர்சன் பைக் விபத்தில் இறந்து நாற்பது நாளாகியிருந்தது. அவன் செய்த சிப் மட்டும் மேசையில் கிடந்தது. அதன் நடுவே, சில அணுக்களே கனமுள்ள ஓர் ஏடு. மூளையைப் போல அது கற்கும், மறக்கும். மூன்று மணிக்குப் புறத்தேர்வாளர் முன் இரண்டையும் செய்துகாட்டினால்தான் ஜெர்சனுக்கு முனைவர் பட்டம். அதே துறையில் படிக்கும் பெர்சியிடம் அந்தப் பொறுப்பு வந்திருந்தது.

"கத்துக்கிருதும்மா. மறக்கத்தான் மாட்டேங்குது," என்றார் பேராசிரியர் ஆரோக்கியநாதன். "தேர்வாளர் பழுதுன்னு எழுதிட்டுப் போயிருவாரு."

பெர்சி நினைவை அழிக்கும் மின்துடிப்பைக் கொடுத்தாள். திரையில் கோடு படுத்தது.

பிறகு எழுந்தது.

இரண்டு மேடு. ஓர் இடைவெளி. ஒரு மேடு.

வீட்டில் அவள் அறைக் கதவை அண்ணன் அப்படித்தான் தட்டுவான்.

"இத யாரு சார் கத்துக்குடுத்தா?"

"யாருமில்ல. அவன் போன மறுநாள்லருந்து வருது." அவர் குரல் தணிந்தது. "படிகத்துல டேப் ஒட்டி ஏடு உரிக்கிறப்ப கையுறை போடமாட்டான். எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். 'கையுறை போட்டா புது மாப்ள மாதிரி கூச்சமா இருக்கு சார்'ம்பான். வெறும் கட்டைவிரலாலதான் அழுத்துவான்."

அவள் நுண்ணோக்கியில் குனிந்தாள். ஏட்டுக்கடியில் விரல்ரேகை. அதன் குறுக்கே ஒரு தழும்பு. சிறுவயதில் அண்ணனின் கட்டைவிரலைச் சைக்கிள் சங்கிலி கிழித்தது.

மணி இரண்டே முக்கால்.

உதடு சிப்பைத் தொடும் அளவுக்கு நெருங்கினாள்.

"அண்ணே, விட்ருண்ணே. ஒம் பட்டத்தப் பாக்கணும்னு அம்மா உசுரக் கையில பிடிச்சிருக்கு. மறந்துரு."

மீண்டும் அழித்தாள். கோடு படுத்தது.

எழவில்லை.

மூன்று மணிக்குத் தேர்வாளர் முன்னும் அது கற்றது, மறந்தது; அவர் கையெழுத்திட்டார். ஆரோக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பெர்சி கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவனைத் துரத்திவிட்டது போல இருந்தது.

மறுவாரம் தன் ஆராய்ச்சிக்காக அதே மேசையில் உட்கார்ந்தாள். உறை பிரிக்காத புதுப் படிகம், புது டேப். இரண்டு கைக்கும் கையுறை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் ஏட்டை உரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

விரல்ரேகை.

குறுக்கே அந்தத் தழும்பு.

ரேகையின் வரிகளில் வியர்வை இன்னும் காயவில்லை.